கப்டன் வாங்கிய நிழல்

கொழும்பில் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், கார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நிழல் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர் எங்கள் கப்டன் ஒருவர்தான். இல்லையென்று வாதாடுகிறவர்கள் வெள்ளவத்தைக்கு வரட்டும். அவர் என்னை உட்கார வைத்து வறுத்தெடுத்த மொட்டை மாடியைக் காட்டுகிறேன்.

கப்டன் என்றதும் கப்பல் ஓட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். கப்பலில் கால் வைத்ததே இல்லை. ஓய்வு பெற்ற கையோடு, இரத்மலானைக்கு அப்பால் பொல்கொட ஏரியில் யாரோ விற்ற உல்லாசப் படகொன்றை வாங்கிவிட்டார். எஞ்சின் இருந்தது, ஆறு பேருக்கு இருக்கை இருந்தது, கூரை மட்டும் இல்லை.

அந்தக் கூரையில்தான் எல்லாமே இருந்தது. அவருடைய மனைவி ராணி அக்காவுக்கு வெயில் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் தோல் தடித்துச் சிவந்து, ஆளைக் காய்ச்சலில் போட்டுவிடும். நாலு வருஷமாக அக்கா பகலில் வாசலைத் தாண்டவில்லை. "ஒருக்கா வெளிச்சத்தில தண்ணிக்கு மேல போகோணும்" என்று எப்போதோ ஒருநாள் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், மனிசன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கீழ் வீட்டுக்காரன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னையும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனார். கூரைக்குப் போடுகிற தறப்பாள் துணி விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், கூறைச் சேலை எடுக்க வந்தவர் மாதிரி இருபது சுருளை விரிக்க வைத்தார். பிறகு, "கடைக்குள்ள பாத்து எடுக்கேலாது, வெளிச்சத்தில பாக்கோணும்" என்று ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் இறங்கினார். பின்னாலேயே ஓடிவந்த நானாவின் தலைக்கு மேல் அதைப் பிடித்தார்.

"இப்ப சுடுதோ?"

"சேர், வெயில்ல நிண்டா எல்லாருக்கும் சுடும்தானே" என்றார் நானா.

"எவ்வளவு சுடுது?"

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பின்னால் ஒரு மூட்டை வண்டி, ஒரு லொறி, மூன்று ஓட்டோ வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. கடைசியில், நாலு வகைத் துணியில் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுபோய்ப் பார்க்கட்டும் என்று நானாவே வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்குத் தெரு திறபட அதுதான் ஒரே வழி.

அடுத்த நாள் மொட்டை மாடியில் சோதனை. உச்சிப் பொழுது. உடுப்புக் காயப்போடுகிற கம்பிகளில் நாலு துணி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. எனக்குக் கிடைத்தது நீலத் தறப்பாள். அரை மணித்தியாலத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கப்டன் தலையாட்டினார்.

"தம்பி, நீர் கிருஷ்ணர் மாதிரி இருக்கிறீர். சரிவராது. மனிசியை நீலமாப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி போட் ஓட்டுறது?"

மஞ்சள் ரெக்சினுக்குள் என்னை மாற்றினார். செங்கமாரி வந்தவன் மாதிரி இருக்கிறேன் என்று அதையும் தள்ளினார். நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை வலைக்குக் கீழே அவரே வெள்ளைத் தாளோடு படுத்து, விழுந்த வெயில் பொட்டுகளை எண்ணினார். இருநூறைத் தாண்டியதும் எழும்பிவிட்டார். மிஞ்சியது தடித்த வெள்ளைக் கன்வஸ். அதற்கு உள்ளே கறுப்புத் துணி கொடுத்துத் தைத்தால் ஒரு பொட்டு வெயில் இறங்காது என்று கண்டுபிடித்தபோது மனிசன் குதித்த குதியில், கீழே அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினி அதிர்ந்ததாம்.

கூரையைத் தைத்துப் படகில் பூட்டியதும், புறப்படுகிற நேரத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன்னால், நாலு பத்துக்கு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினால் காரியம் சித்தி. கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய வான் வண்டியில் அக்காவை ஏரிக்குக் கொண்டுபோனோம். குடைக்குள் குடை பிடித்துப் படகில் ஏற்றினோம். சரியாக நாலு பத்துக்கு எஞ்சின் உறுமியது. எனக்கே கைதட்டவேணும் போல இருந்தது.

நடு ஏரிக்கு வந்த பிறகுதான் கவனித்தோம். சூரியன் மேற்கே சரிந்திருந்தது. கூரையின் நிழல் ஒரு ஓட்டையில்லாமல், அளவெடுத்த மாதிரி, படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்திருந்தது. படகுக்குள் நல்ல வெயில்.

ராகுவைப் பார்த்த மனிசன் சூரியனைப் பார்க்க மறந்துவிட்டார்.

ஆனால் கப்டன் அசரவில்லை. "நிழல் அங்கதானே இருக்கு, போய்ப் பிடிப்பம்" என்று படகை அந்தப் பக்கம் திருப்பினார். நிழலும் திரும்பியது. இன்னும் வேகமாகத் திருப்பினார். மூன்று சுற்றுச் சுற்றியதில் எனக்கு மத்தியானம் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, கழுத்தில படுது" என்றார் அக்கா, குடையைச் சரித்தபடி.

அந்தக் குரல் கேட்டதும் கப்டனின் முகம் விழுந்துவிட்டது. ஸ்ரியரிங்கை என் கையில் திணித்தார். ஆடுகிற படகில், மேற்குப் பக்கமாக வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்று, சேர்ட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத நான் படகை எங்கெங்கோ திருப்ப, அதற்கேற்றபடி அவரும் அக்காவைச் சுற்றிச் சுற்றி இடம் மாறினார். வியர்வை ஒழுகியது. கையைக் கீழே இறக்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "திரும்புவமே அக்கா?" என்றேன்.

அக்கா குடையை மடக்கிக் காலடியில் வைத்தார். விளிம்பால் எட்டி ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"ஏன் தம்பி? அவர் நிக்கிறார்தானே."

அதற்குப் பிறகு எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. படகைக் கொண்டுபோய்க் கரையோரத் தென்னையில் இடித்துவிட்டேன். கப்டன், சேர்ட்டை விரித்தபடியே, என்னைக் கண்டபாட்டுக்கு ஏசினார். பேசட்டும். அந்த மனிசன் என்னை என்னவும் பேசலாம்.