பொதுப் புல்வெளியில் ஒரு சீப்பு

எங்கள் குடியிருப்புச் சங்க விதிப்படி, பொதுப் புல்வெளியில் வளர்ப்புப் பிராணிகளுக்கு முடி வாரக்கூடாது. பிளானோ என்ற இந்த அமெரிக்க ஊரில் இந்த விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். சென்னையில் ஆயுள் முழுக்க அரசுக் கோப்பில் குறிப்பெழுதி ஓய்வுபெற்றவனுக்கு, மகள் வீட்டில் படிக்க வேறென்ன இருக்கிறது?

அந்த விதியை நாள் தவறாமல் மீறியவர் சீப்பு அங்கிள். பிள்ளைகள் வைத்த பெயர். நாய்க்காக வாழ்பவர்கள் பலர் உண்டு. நாயின் முடிக்காகவே வாழ்ந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். மதுரைக்காரர். மகன் வீட்டு ஹஸ்கி நாய் ப்ரூனோவுக்கு, தலையணையைப் பிரித்துப்போட்ட மாதிரி முடி கொட்டும். காலை ஏழு மணிக்கு நான் காபி குடிக்கும் பெஞ்சருகே அதை நிறுத்தி, முதலில் அகலப் பல் சீப்பு, அப்புறம் நெருக்கப் பல் சீப்பு என்று வாருவார். வந்த முடியைத் தயிர் டப்பாவில் அமுக்கி, மூடிமேல் கிழமை எழுதுவார்.

"கிழமை எதுக்கு சார்?"

"திங்களவிட வெள்ளி கொறஞ்சிருக்குன்னு மருமககிட்ட காட்டணும்ல. கொழம்புல இன்னொரு முடி கெடந்தா இவன வேற வீட்டுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டா."

"சம்மருக்கு மொட்டை அடிச்சுட வேண்டியதுதானே?"

"முடிதான் சார் அவனுக்குக் குடை. எடுத்தா வெயிலு நேரா தோல்ல எறங்கும்." என் தலையைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாததா?"

அன்று என் காபியில் ஒரு வெள்ளை முடி மிதந்தது. வழுக்கைக்கும் காபிக்கும் சேர்த்து, விதி எண்ணோடு, புகைப்படம் இணைத்து, பெயர் போடாமல் புகார் அனுப்பினேன். மூன்றே நாளில், என் புகாரின் நகலோடு, அவருக்கு நோட்டீஸ் வந்தது. நோட்டீஸோடு அவர் நேராக என்னிடம் வந்தார்.

"யாரோ எழுதிப் போட்டுட்டாய்ங்க சார். ரூல் தெரிஞ்சவரு நீங்கதான். ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். என் புகாரை நானே வரிக்கு வரி மறுத்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மனு எழுதியதில்லை. புகார் எழுதியவன் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பியும் சங்கம் வாய் திறக்கவில்லை.

பதில் வரும்வரை என்று அவர் கார் நிறுத்தும் கராஜில் வாரினார். கராஜ் கதவு திறந்தால் சமையலறை. ஒருநாள் முடி பறந்துபோய் மோர்க்குழம்பில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ப்ரூனோ பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு வீட்டுக்குப் போனது. கூடவே இரண்டு சீப்பும், எந்தப் பக்கமாக வார வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிய இரண்டு பக்கமும் போயின.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இனி ஒங்க காபில ஒண்ணும் விழுகாது சார்," என்றார்.

காபியில் முடி விழுந்ததை நான் புகாரில் தவிர வேறெங்கும் சொன்னதில்லை. அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் மட்டும் அதே பெஞ்சில், டம்ளரை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். 'காலை ஏழு முதல் எட்டு வரை, பெஞ்சருகே, முடி வார அனுமதிக்கப்படுகிறது' என்று சங்கத்தின் பதில் வந்தது, ப்ரூனோ போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை.