வெறும்வயிற்றுக்காரர் வந்த காதுகுத்து

ஒரு தனி மனிதரைக் கண்டு திருப்பூரே இட்லித் தட்டை ஒளித்து வைத்தது என்றால் நம்புவீர்களா? நான் நம்புவேன். ஒளித்தவர்களில் நானும் ஒருவன்.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறை பிடித்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார் அவர். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எதிரே யார் வந்தாலும் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "ஏனுங்க, வெறும் வயிறுங்களா?" என்பார். அதனால் ஊருக்கு அவர் வெறும்வயிற்றுக்காரர்.

மற்ற பரிசோதனைகளைக் கடனே என்று செய்வார். ரத்தத்தில் ஓடும் கொழுப்பு என்றால் மட்டும் மனிதருக்குப் பித்து. சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைக் கையால் சுற்றும் ஒரு மிஷினில் போட்டுச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஒருமுறை சஷ்டி விரதத்தன்று போனார். விரதம் என்றால் நம் ஊரில் பாலும் பழமும் உண்டே! இரண்டு சொம்பு பால் குடித்துவிட்டு, சத்தியமாகச் சாப்பிடவில்லை என்று நீட்டினார் கையை. சுழற்றிய குழாயில் தண்ணீராக நிற்க வேண்டியது வெள்ளையாக நின்றது.

"இது யாரூட்டுப் பாலுங்க?" என்றார் வெறும்வயிற்றுக்காரர்.

"விரதமுங்க!"

"முருகன் ஒத்துக்குவாருங்க. என்ற மிசினு ஒத்துக்காதுங்க. நாளைக்கு வாங்க."

முதலாளியையே திருப்பி அனுப்பிய ஆள், சூப்பர்வைசரான என்னையா விடுவார்? டீக்கடையில் ஒருநாள் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றேன். பன்னைக் கடிக்கப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். அங்கே மஞ்சளாக இரண்டு சின்னக் கட்டிகள்.

"அப்பாவுக்கும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"எத்தன வயசுல போனாருங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அப்பா நாற்பத்தொன்றில் போனார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பெரியப்பா முப்பத்தொன்பதில். குலதெய்வத்தின் கோபம் என்று கிடா வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. யாரிடமும் சொல்லாமல் நானே எண்ணிக்கொண்டிருந்த வயதை, நாலு பேர் நடுவில் கேட்டால் எரிச்சல் வராதா?

அன்றிலிருந்து தொல்லைதான். கம்பெனி வாசலில் நிற்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவார். கடைசியில் வீட்டுக்கே வந்து என் மனைவியிடம், "அது வம்ச வழியா வர்ற கொழுப்புக் கட்டிங்க. பங்காளிக எல்லாரும் ஒண்ணாச் சேர்றது எப்பங்க?" என்று கேட்டார். அவளும் வெகுளியாக, "அடுத்த மாசம் பொங்கலூர்க் கோயில்ல அம்மிணிக்குக் காதுகுத்துங்க, நீங்களும் வந்துருங்க" என்று சொல்லி வைத்தாள்.

வந்தார். முதல் பஸ்ஸில், ஒரு பையும் ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்க்குமாக. நாங்கள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் பந்திப் பாயைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஊசி போட்டப்பறந்தானுங்க இட்லி" என்றார். பக்கத்து அடுப்பில் கறி கொதிக்க, இந்த அடுப்பில் கண்ணாடி ஊசிகள் கொதித்தன. முப்பத்திரண்டு பங்காளிகள் கறி மணத்தை மோந்தபடி கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பெரியப்பா மகன் கத்தினார்: "ஏண்டா, காது குத்தக் கூப்புட்டயா, எங்க கையக் குத்தக் கூப்புட்டயா?"

எனக்கு மானமே போயிற்று. போதாததற்கு, காது குத்தி அழுது ஓய்ந்திருந்த என் மகளையும் கூப்பிட்டார். ஐந்து வயது. எனக்கு வந்த கோபத்தில் அவர் பையைத் தூக்கி வெளியே எறியப் போனேன்.

"குழந்தைய உட்டுருங்க. மனுசன்தானா நீங்க?"

அவர் அசையவில்லை. குரலை மட்டும் தணித்தார். "உங்கப்பா கொழுப்பு உங்களுக்கு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க. ராத்திரி தூக்கமில்லாமக் கெடக்கறது அம்மிணிய நெனச்சுத்தானுங்களே? தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா?"

மகளை மடியில் வைத்து, நானே கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் அறையில் ஆசிட் நெடி. மருந்து ஊற்றியதும் ஒவ்வொரு குழாயும் பச்சையாக மாறிக்கொண்டு வந்தது. எவ்வளவு பச்சையோ அவ்வளவு கொழுப்பு. என்னுடையது முருங்கை இலையாகக் கறுத்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. மகளுடைய குழாயை மட்டும் மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தார். பிறகும் தன் கண்ணை நம்பாமல், பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து நிறம் பார்க்கும் மாஸ்டரை இழுத்து வந்தார். யாருடைய ரத்தம் என்று சொல்லாமல் காட்டினார். மாஸ்டர் ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இதுல சாயம் ஏறவே இல்லீங்களே. சும்மா வெளிறிக் கெடக்குது" என்றார் மாஸ்டர்.

"அம்மிணிக்கு இல்லீங்க" என்றார் வெறும்வயிற்றுக்காரர். நான் முகத்தை மூடிக்கொண்டு விம்மிவிட்டேன். அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்: "அழுவோணும்னா வெளிய போயி அழுவுங்க. டியூப்புக்குள்ள உழுந்துரும்." சொன்னவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு என் இலையில் நெய் விழ அவர் விட்டதில்லை. கல்யாணப் பந்திகளில் பின்னால் வந்து நின்று கறியை எடுத்துப் பக்கத்து இலையில் போடுவார். கோயமுத்தூருக்குத் துரத்தி மாத்திரை வாங்க வைத்தார். இருபது வருஷம் அவரைத் திட்டாத நாளில்லை.

எங்கள் வம்சத்தில் பேரன் முகம் பார்த்த முதல் ஆண் நான்தான். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று எதிரே வந்து நின்றால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவேன். திட்டிவிட்டு, பேரனை அவர் கையில் கொடுப்பேன்.