நிலாமொழிச் சால்வை

"தப்பு சின்னதுதான்," என்றார் சாமல், சால்வையின் ஓரத்தை மடியில் விரித்துக்கொண்டு. "'விளக்கை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்'னு இருக்கணும். நீங்க 'வெந்துகொண்டிருக்கிறேன்'னு பின்னிட்டீங்க."

துரீதா ஊசிகளைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு கண்ணி இடம் மாறியதற்கு இவ்வளவு தண்டனையா?

டோர்ஸ்ஹவுன் துறைமுகத்தில், கப்பல்களோடு வானொலியில் பேசுவது அவள் வேலை. மூடுபனி இறங்கிவிட்டால் குரல்கள் மட்டும் வரும், கப்பல்கள் வராது. அப்படியொரு நாளில்தான் அந்த விண்வெளித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்பதாம் நிலாவின் கரையில் ஒருத்தி விளக்கோடு காத்திருப்பாள். அவள் தோளில் நிலாமொழி எழுதிய சால்வை. மேகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு படகு மெல்ல வரும். துரீதா அந்தக் காட்சியைப் பதினோரு முறை பார்த்தாள். பதினோரு முறையும் படகு அவளுக்காகவே வந்தது.

வருகிற இலையுதிர்கால ரசிகர் கூட்டத்தில் அதே சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையேறுவதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். எழுத்துகளைத் திரையைப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டாள். அந்த மொழிக்கு அகராதி கிடையாது. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் சாமல் ஒருவர்தான். படகு இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். சோல்ருனின் நூல்கடையில் புதன்கிழமை மாலைகளில் கூடும் பின்னல் வட்டத்துக்கு ஒரு நாள் அரைகுறைக் காலுறையோடு வந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு நிலாமொழி கொஞ்சம் வரும் என்று காபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

துரீதா அந்த வரியைப் பிரித்துப் பின்னினாள். அடுத்த புதன்கிழமை சாமல் வெகுநேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித் தலையை ஆட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"'கிழவியை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்.'"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததில் இரண்டு பேருக்குக் கண்ணி நழுவியது. துரீதாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் மறுபடி பிரித்தாள். பிரித்துப் பிரித்து சாம்பல் நூல் நைந்துபோனது. நீல நூல் வாங்கிச் சேர்த்தாள். நிலாவாசிகள் சாவுச்செய்தியைத்தான் நீலத்தில் எழுதுவார்களாம். சாமல் அதைச் சொல்லும்போது அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

நீலத்தை வெளுக்க வைக்கலாமென்று சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள். நீலம் போகவில்லை. சால்வைதான் சுருங்கி, கழுத்துக்கு மட்டும் போதுமான துண்டாகிவிட்டது. எழுத்து சுருங்கினால் மழலையாகிவிடும் என்று சாமல் விளக்கினார்: "'விலக்கை அணைக்காதே, வந்துத்து இலுக்கேன்.'"

இதெல்லாம் எட்டு வாரம். அவர் காலுறை இன்னும் குதிகாலைத் தாண்டவில்லை. ஆனால் புதன்கிழமைகளில் வானொலி அறையில் உட்கார்ந்திருக்கும்போது, கப்பல்களின் குரல்களுக்கு நடுவே, தான் சாயங்காலத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது துரீதாவுக்குத் தெரிந்தது. நூல்கடை சன்னலுக்கு வெளியே பனி மிதக்கும். பக்கத்தில் எண்ணெய்க்கறை விரல்கள் அவள் பின்னலை ஒவ்வொரு வரியாகத் தடவும். இந்த மனிதர் இத்தனை கவனமாகப் படிக்கிற மொழியில் தன்னால் ஒரு வாக்கியம் எழுத முடியவில்லையே என்றுதான் வெட்கமாக இருந்தது.

கூட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் அவள் நேராக நூல்கடைக்குப் போனாள். சோல்ருன் தனியாக நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுத்துகளைத் திருத்தி மறுபடி பின்னிய துண்டை அவள் முன்னால் போட்டு, சாமலின் பட்டறைக்குப் போன் செய்து வரச்சொல்லும்படி கேட்டாள். கடைசியாக ஒருமுறை அவர் படிக்கட்டும். இதிலும் தப்பு இருந்தால் மேடையும் வேண்டாம், பின்னலும் வேண்டாம், இனிப் புதன்கிழமைகளில் வரப்போவதும் இல்லை.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் சோல்ருனின் கை அப்படியே நின்றது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது துரீதா. செவ்வாய்க்கிழமை தவறாம இங்க வந்து, மறுநாள் எந்த வரியில தப்பு சொன்னா நீ அடுத்த வாரமும் வருவேன்னு என்கிட்டதான் கேட்டுட்டுப் போவாரு."