மைத்துனர் வந்தால்தான் தள்ளுபடி

அன்பும் மதிப்பும் மாறாத மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது பொய்யாகிவிடும். எனக்கு ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. உங்கள் அக்கா என்னுடன் பேசுவதில்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீங்கள் எடுப்பதே இல்லை. உங்கள் வீட்டம்மாதான் எடுத்து, "அவர் வெளியில போயிருக்காருண்ணே" என்கிறார். அவர் அதைச் சொல்லும்போதே பின்னால் நீங்கள் இருமுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. அந்த இருமல் சரியில்லை, மருந்து சாப்பிடுங்கள். ஆகையால்தான் இந்தக் கடிதத்தைப் பெரிய பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் வாங்காமல் திரும்பக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அவனைக் கொஞ்சம் உட்காரவையுங்கள்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை நம் இரண்டு குடும்பமும் தீம் பார்க் போவதாக இருந்தோம் அல்லவா? நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போன நாளிலிருந்து, "என் தம்பி வராத இடத்துக்கு நானும் வரல" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு எல்லாம் மகள் மூலமாகத்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும், நானும் மகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, சாப்பிட வரணுமாம்" என்பாள். தட்டு மேஜையில் வந்து விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்.

நடந்ததை நீங்கள் என் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரியாகவே இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, எது மலிவோ அதில்தான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இவ்வளவு பெரிய குடும்பத்தைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவது என்றால் சும்மாவா? மூன்று ஏஜெண்டுகளைப் பிடித்தேன். மூன்றாவது ஆள்தான் சொன்னார், பதினெட்டுப் பேர் சேர்ந்தால் குழுச் சலுகை, கிட்டத்தட்ட பாதி விலை என்று. எண்ணிப் பார்த்தேன், உங்கள் வீட்டையும் சேர்த்தால் நாம் சரியாகப் பதினெட்டு. கடவுளே கணக்குப் போட்டு நம் குடும்பத்தைப் படைத்ததுபோல இருந்தது. உடனே பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் ரசீதின் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். கட்டிய பணம் திரும்ப வராது, பெயரை மாற்ற முடியாது, பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நிற்க வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் மீதி எல்லோரும் வாசலிலேயே முழு விலைக்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் யார் தும்மினாலும் எனக்குப் பகீரென்கிறது.

டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது போதாதென்று தங்கும் இடத்திலும் மிச்சம் பிடித்தேன். ஹோட்டல் விலை கையைக் கடித்தது. பார்க்குக்குப் பக்கத்திலேயே சமையலறையோடு ஒரு வீடு, ஹோட்டல் வாடகையில் கால்வாசிதான். அவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெரிய மாப்பிள்ளை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், "மாமா, வீடு பார்க்கை ஒட்டித்தான் இருக்கு. ஆனா பின்பக்கச் சுவரை ஒட்டி. வாசலுக்குப் போகணும்னா சுவரை முழுசாச் சுத்தணும். அப்புறம் வீட்டுக்கு நேர் மேல ரோலர் கோஸ்டர் போகுது." வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஆமா சார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல ஆளுங்க கத்திட்டுப் போவாங்க. பழகிடும். ராத்திரி நிறுத்திடுவாங்க" என்றார். சென்ற மாதம் வண்டியிலிருந்து ஒருவருடைய செருப்பு கூரையில் விழுந்ததாம். அதைப் பத்திரமாக எடுத்துவைத்திருப்பதாகவும் சொன்னார்.

வண்டி விஷயத்திலும் அப்படித்தான். டூரிஸ்ட் வேன்காரர்கள் மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே விலை சொன்னார்கள். விடுமுறையில் சும்மா நிற்கும் நர்சரிப் பள்ளி வேன் ஒன்றைப் பாதி வாடகைக்குப் பேசி முடித்தேன். முன்பணமும் கொடுத்தாயிற்று. மழலைகளுக்கான சீட்டு என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சோதனை ஓட்டமாகச் சின்னப் பையனை ஏற்றி நாலு தெரு சுற்றிக்கொண்டு வந்தோம். இறங்கும்போது அவன் முழங்கால் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வரும்வரை நிமிரவில்லை. "அப்பா, உயரமா இருக்கறது என் தப்பா?" என்று கேட்டான். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறார்கள். அதைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன்.

இதற்கிடையே சின்னப் பேத்தி. பதினெட்டில் அவள் சேர்த்தி இல்லை. வாசலில் சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்களாம், அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பேத்தி இப்போது சரியாகக் கோட்டில் நிற்கிறாள். தினமும் காலையில் கதவோரம் நிறுத்தி அளந்து பார்க்கிறேன். அவளோ குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் ரோலர் கோஸ்டரில் ஏறவிடுவார்களாம். நான் தலையை அமுக்க, அவள் எக்க, இது தினப்படி யுத்தமாகிவிட்டது. உச்சியில் போடும் கொண்டையையாவது அவிழ்த்துவிடலாமே என்று மகளிடம் சொன்னேன். "வளர்ற பொண்ணு தலையை அமுக்கறீங்களே, நீங்க தாத்தாவா, யாரு?" என்று கேட்டுவிட்டு அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஆக, இப்போது சாப்பிடக் கூப்பிடவும் ஆள் இல்லை. தட்டுச் சத்தத்தை வைத்து நானாகப் புரிந்துகொண்டு போகிறேன்.

இனி நம் விஷயம். அத்தனை பேருக்கும் மூன்று வேளை வெளியில் சாப்பாடு என்றால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வீட்டில் சமையலறை இருக்கிறது. நீங்கள் சமையல் காண்ட்ராக்டர். ஆயிரம் பேர் வரும் விசேஷத்தையே அலட்டிக்கொள்ளாமல் நடத்துகிறவர். நம் குடும்பத்துக்குச் சமைப்பது உங்களுக்கு ஒரு பொருட்டா என்றுதான் நினைத்தேன். அதைத்தான் அன்றைக்கு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று சொல்லும்போது, "சாப்பாட்டுக் கவலை நமக்கில்ல, மச்சான் பார்த்துக்குவார்" என்று அறிவித்தேன். உங்களை முதலில் தனியாகக் கேட்டிருக்கலாம். நீங்கள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், நான் வரணுமா, இல்ல என் கரண்டி வந்தா போதுமா?" என்று கேட்டீர்கள். அதற்கு நான், "கரண்டி மட்டும் வந்தா டிக்கெட் மிச்சம்" என்று சொன்னது வேடிக்கைக்காக. சத்தியமாக வேடிக்கைக்காக. யாருமே சிரிக்கவில்லை என்பதை நீங்கள் எழுந்து போன பிறகுதான் கவனித்தேன்.

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அங்கேயே சமையலுக்கு ஆள் பார்த்தேன். வழக்கம்போல மூன்று கொட்டேஷன். இரண்டு பேர் சொன்ன விலைக்கு ஹோட்டலே தேவலை. மூன்றாவது ஆள் என் பேரையும் ஊரையும் விசாரித்துவிட்டு, "நீங்க எங்க பழைய முதலாளியோட அத்தான்தானே? வீட்டுலயே அவ்வளவு பெரிய ஆளை வெச்சுக்கிட்டு என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். அந்த மனிதர் இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதியை நம்பாதீர்கள்.

பார்க் ஆபீசில் வருகிறவர்கள் எல்லோர் பெயரையும் நாளை மாலைக்குள் உறுதி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வராவிட்டால் உங்கள் வீட்டில் யாரும் வரமாட்டார்கள், உங்கள் அக்கா வரமாட்டாள், அவள் வராவிட்டால் என் பெண்கள் கிளம்பமாட்டார்கள். கடைசியில் நான், இரண்டு பையன்கள், தலையில் கொண்டையோடு ஒரு பேத்தி, இவ்வளவு பேர்தான் அந்த வாசலில் முழு விலை கொடுத்து நிற்போம். பணம் போவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். கவலைப்படுகிறேன். ஆனால் அது மட்டுமில்லை. நேற்று உங்கள் அக்கா அலமாரியைத் திறந்து, பயணத்துக்கென்று வாங்கிவைத்த புதுப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றது அவளுக்குத் தெரியாது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்களோடு நாலு நாள் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம் என்று எத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள் தெரியுமா? அதை நான் குட்டிச்சுவராக்கிவிட்டேனே என்று எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே யோசித்து யோசித்து ஒரு நல்ல முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் விருந்தாளியாக வருகிறீர்கள். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்துகூடப் பார்க்கக் கூடாது. ரைடில் ஏறுங்கள், தண்ணீரில் விளையாடுங்கள், நேரத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். சமையலுக்கு வேறு ஏற்பாடு செய்தாகிவிட்டது. உங்கள் அக்கா இருக்கிறாள். வழக்கம்போல அவள் பார்த்துக்கொள்வாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, அவளிடம் இதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. இதற்குக் கொட்டேஷனும் தேவைப்படவில்லை. முதல் நாள் தலை எண்ணும்போது வாசலில் நம்மோடு வந்து நின்றுவிட்டு, உடனே சுவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைத்தால் மதியத்துக்குள் முடித்துவிடுவாள். அவளுக்கும் கூட்டத்தில் அலைவதெல்லாம் பிடிக்காது. பிடிக்கும் என்று இதுவரை அவள் சொன்னதில்லை. ரோலர் கோஸ்டர் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருப்பதால் அவளுக்குத் தனியாக இருப்பதுபோலவும் தோன்றாது. எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

எனவே பெரிய மனது பண்ணி, பையன் கையில் "வருகிறேன்" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கோபத்தை அவனிடம் காட்டாதீர்கள், அவன் பாவம், வேனில் இருப்பதிலேயே சின்னச் சீட்டில் உட்காரப்போகிறவன் அவன்தான். உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லுங்கள். உங்கள் தொழில் மேலும் மேலும் பெருக வேண்டும், இருமல் குறைய வேண்டும், செவ்வாய்க்கிழமை காலை நாம் எல்லோரும் ஒரே வாசலில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்கப் போன இடத்தில் உங்கள் அக்கா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டாள். அவளும் உங்களுக்கு இரண்டு வரி எழுத வேண்டுமாம். தாளின் பின்பக்கம் வீணாகத்தான் கிடக்கிறது, எழுதட்டும் என்று கொடுத்திருக்கிறேன். நல்லபடியாகத்தான் எழுதுவாள் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன்.

தம்பி,

எனக்கு இவர் மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். இத்தனை நாளா உனக்காகத்தான் நான் இவர்கிட்ட பேசாம இருந்தேன். என் தம்பியைச் சமைக்கக் கூப்பிட்டுட்டாரேன்னு அவ்வளவு கோபம். இப்ப இதைப் படிச்சதும்தான் எனக்கு உறைச்சுது. உன்னை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார், நீ டம்ளரை வெச்சுட்டு எழுந்து போயிட்ட. நான் கல்யாணமான நாள்லேர்ந்து எந்த ஊருக்குப் போனாலும் அடுப்பு இருக்கற ரூமைத்தான் பார்த்திருக்கேன். கடலுக்குப் போனோம், மலைக்குப் போனோம். எங்க போனாலும் எனக்குத் தெரிஞ்சது ஜன்னல் வழியாத்தான். ஒரு நாளாவது எழுந்து போகலாம்னு எனக்குத் தோணவே இல்லையேடா. எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு நான் சொன்னதில்லையாம். யாரு கேட்டா?

நீ கண்டிப்பா வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. செவ்வாய்க்கிழமை அந்தப் புதுப் புடவை வேண்டாம், அதைக் கட்டிக்கிட்டு ரோலர் கோஸ்டர்ல ஏற முடியாதாம். மகள் எனக்கு வேற டிரஸ் எடுத்து வெச்சிருக்கா. முதல் வரிசையில நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல உட்காருவோம். எவ்வளவு கத்தணுமோ அவ்வளவு கத்தப் போறேன், வீட்டுக்கு நேர் மேல போகும்போது இன்னும் நல்லாக் கத்துவேன்.

சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதே, உங்க அத்தான் பார்த்துக்குவார். இப்பதான் அவர்கிட்ட சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டு, அத்தனை பேருக்கு எவ்வளவு உப்பு போடணும்னு உன்கிட்ட கேட்டு எழுதச் சொல்றார்.

நீ சொல்லிடாதே.