மலைப்புலி வரைந்த சரளைப் பாதை

"பிடிச்சிருக்கியா? விட்டுடாதே, விட்டுடாதே!" என்று மலைப்புலி அலறினார்.

"விட்டு ரொம்ப நேரமாச்சு" என்று அவர் மனைவியின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

கேட்ட மாத்திரத்தில் மலைப்புலி சைக்கிளோடு அடுக்குமாடிக் குடியிருப்பின் பூச்செடிகளுக்குள் போய் விழுந்தார். காவலாளி பதறியடித்து ஓடி வந்து, முதலில் செடியைத் தூக்கி நிறுத்தினார்.

மலைப்புலிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இது ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஆனால் அவருக்கு 'மலைப்புலி' என்ற பட்டத்தைக் கொடுத்ததே 'சரளைப் புயல்' என்கிற சைக்கிள் சங்கம். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

குடிநீர் வாரியத்தில் குழாய் போகும் வழியை வரைவதுதான் அவர் வேலை. எந்தப் பள்ளத்தாக்கு எங்கே இறங்குகிறது, எந்த அடிவாரம் எங்கே மேடாகிறது என்பதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே அவருக்கு அத்துப்படி. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பொழுது போகாமல், குழாய்க்குப் பதிலாகச் சைக்கிளுக்கு ஒரு வழி போட்டுப் பார்த்தார். ஆற்றங்கரையோடு போய், கோதுமை வயல்களுக்கு நடுவே புகுந்து, சரளைக்கல் பாதையில் வளைந்து வளைந்து மலையேறும் வழி. அதைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டவர் சும்மா இருந்திருக்கலாம். 'நேற்று போய் வந்தேன், அருமை' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரிதான் வினையாக முடிந்தது.

"உங்க பாதைக்கு ஈடே இல்லைங்க. நல்ல அகலம், வளைவுல எல்லாம் தாராளமா திரும்பலாம்" என்று சங்கத் தலைவரே எழுதியிருந்தார். தலைவர் பெரிய மெத்தைக் கடை முதலாளி. மலைப்புலிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்துப் பாதைகளாகப் போட்டுத் தள்ளினார். எல்லாவற்றுக்கும் கீழே அதே 'நேற்று போய் வந்தேன்'. யாராவது கூட வரக் கூப்பிட்டால், "நான் தனியாப் போற ஆளுங்க" என்று நழுவிவிடுவார்.

இப்படியே வண்டி ஓடியிருக்கும். இடையில் அவர் மகள் காதலித்துத் தொலைத்தாள். காதலித்தது அந்தத் தலைவரின் மகனை.

"மலைப்புலி வீட்டுப் பொண்ணா? கண்ணை மூடிக்கிட்டுச் செய்யலாம். மேட்டுல சைக்கிள் மிதிக்கிறவன் பொய் சொல்ல மாட்டான், எனக்குப் பொய்தான் ஆகாது" என்று தலைவர் உடனே சம்மதம் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து மலைப்புலிக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அன்று மகள் திடீரென்று ஆரம்பித்தாள். "அப்பா முதல்ல போட்ட பாதையில அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு தடவை மலையேறணும். ஞாயித்துக்கிழமை நாங்க முன்னாடியே உச்சிக்குப் போய் நின்னு படம் எடுக்கிறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவருக்கு மட்டும் புரையேறிவிட்டது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று மலைப்புலி நினைத்துக்கொண்டார்.

மறுநாளே அவர் தலைவருக்குப் போன் போட்டார். "சம்பந்தி, மூட்டு வலி உயிர் போகுது."

"அப்ப வேண்டவே வேண்டாம். தள்ளி வச்சிடலாம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வருங்கால மருமகன் பாசக்காரப் பையன். சாயங்காலமே சங்கத்திலேயே இருக்கிற ஒரு எலும்பு டாக்டரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டாக்டர் மலைப்புலியின் காலை மடக்கினார், நீட்டினார், தட்டினார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு தேயாத மூட்டைப் பார்த்ததே இல்லை. சும்மாவா மலைப்புலின்னு சொல்றாங்க!"

உபயோகப்படுத்தாத சாமான் எப்படித் தேயும் என்று மனைவி சமையலறைக்குள் முணுமுணுத்தாள்.

"மூட்டு இருந்து என்ன பண்றது டாக்டர்? என் சைக்கிள் உடைஞ்சு போச்சே" என்றார் மலைப்புலி.

அடுத்த நாள் காலையில் வாசலில் சரளைக்கல் பாதைக்கென்றே செய்த புத்தம்புதிய சைக்கிள் நின்றது. மருமகன் பரிசு. தடித்த டயர், வளைந்த கைப்பிடி, ஒரு விரலால் தூக்கலாம். மலைப்புலி அதை எட்ட நின்றே பார்த்துவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

கடைசியாக ஒரு கரடி விட்டுப் பார்த்தார். நிஜமாகவே கரடிதான். "சம்பந்தி, அந்த மலையில கரடி சுத்துதாம். உயிர் முக்கியம் பாருங்க."

"கரடியா!" என்றார் தலைவர். அந்தக் குரலில் அத்தனை நிம்மதி ஏன் என்று மலைப்புலி யோசிப்பதற்குள் செய்தி சங்கம் முழுக்கப் பரவிவிட்டது. தலைவரையும் மலைப்புலியையும் கரடியிடம் தனியாக விடுவதா? அத்தனை உறுப்பினர்களும் கூடவே கிளம்புவதென்று முடிவாயிற்று.

"சம்பந்தி ஒருத்தர் முன்னாடி விழ வேண்டியது, இப்போ ஊரே பார்க்க விழப் போறீங்க" என்றாள் மனைவி. "வாங்க கீழே. ஓட்டக் கத்துக்கோங்க."

இப்படித்தான் பூச்செடிக் கதை ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மலைப்புலி நேராகப் போகக் கற்றுக்கொண்டார். திரும்பக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் ரசித்து ரசித்து வரைந்த அந்தப் பாதையிலோ நேராக ஒரு துண்டுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பள்ளத்தாக்கில் பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சரளைப் பாதை அடிவாரத்திலிருந்து வெள்ளையாக மேலே போயிற்று. காகிதத்தில் விரல் நீளம் இருந்த ஏற்றம் நேரில் வானம் வரைக்கும் நின்றது. மலைப்புலி ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரோடு சைக்கிளை ஒட்டி நிறுத்திக்கொண்டார். சுவர் இல்லாமல் அவருக்கு ஏறவும் வராது.

தலைக்கவசமும் இறுக்கமான உடையுமாகச் சங்கமே நின்றது. ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. ஒருவர் டயருக்குக் காற்றடித்தார், பிறகு அதையே பிடுங்கிவிட்டார். இன்னொருவர் நாலாவது வாழைப்பழத்தை உரித்தார். எலும்பு டாக்டர் அடிக்கடி சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி. பாதை போட்டவர் நீங்கதானே" என்றார் தலைவர்.

"சேச்சே, தலைவர் இருக்கும்போதா? நீங்க போங்க."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்கதான்."

"நீங்கதான்."

அப்போது மலைப்புலியின் போனில் மகள் ஒரு படம் அனுப்பினாள். உச்சியில் அவளும் அந்தப் பையனும் கையில் மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். தன் வீண் ஜம்பத்துக்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையையே பணயம் வைத்துவிட்டோமே என்று மலைப்புலிக்கு நெஞ்சு வலித்தது. முதல் வளைவில் விழுந்து குட்டு உடைவதைவிடத் தானே சொல்லிக் காலில் விழுவது மேல். பொய் ஆகாத மனுஷன்தான், ஆனாலும் ஒரு தகப்பனின் கண்ணீருக்கு இரங்காமலா போய்விடுவார்?

"சம்பந்தி" என்று அவர் தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். கேட்டுட்டு என்னை அடிச்சாலும் சரி, என் பொண்ணைத் தள்ளி மட்டும் வச்சிடாதீங்க. நான் வந்து..."

அதற்குள் ஒரு சரக்கு வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. கையை உதறிக்கொண்டு போய் டிரைவரை நோக்கிப் போ போ என்று கையை ஆட்டினார். டிரைவர் அதை வணக்கம் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு இறங்கினார். பின்பக்கக் கதவைத் திறந்தார், பலகையைச் சாய்த்தார், முதல் ஆளாக மலைப்புலியின் புதுச் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"எல்லாரும் ஏறுங்க தலைவரே, எப்பவும் போல உச்சிக்கு ஒரு வளைவு முன்னாடி இறக்கி விட்டுடறேன், வேர்வை மாதிரி தெளிச்சுக்க வாளியில தண்ணி இருக்கு, இந்தப் புது சாருக்கும் சேர்த்து!"