ரசமட்டம் வைத்துச் சுட்ட ரொட்டி

இல்லை, ஓடிப்போகவில்லை. பக்கத்துப் படகுத் தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கிற நேரத்துக்குள் துறையில் கட்டியிருக்கிற அத்தனை படகுகளுக்கும் சேதி அனுப்பிவிட்டாள்: "நிலம் அளக்கிறவர் வீட்டை விட்டுப் போயிட்டாராம், மாமியார்க்காரி துரத்திட்டாளாம்." மாமியார்க்காரி நான்தான். நான் யாரையும் துரத்தவில்லை. துரத்துவதற்கு நாங்கள் குடியிருக்கிற படகில் இடமும் கிடையாது. நாலு எட்டு வைத்தால் தண்ணீர். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வாசல் வழியாகப் போனார். அது உண்மை. ஏன் போனார் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவர் எந்த இனம் என்று தெரிய வேண்டும்.

உங்களுக்கும் தெரிந்த இனம்தான். கடையில் கிடைப்பதைக் கடையில் வாங்கினால் கைக்கே அவமானம் என்று நினைக்கிற இனம். இவர்களில் சிலர் சோப்பு காய்ச்சுவார்கள். சிலர் நாற்காலி செய்வார்கள். நீங்கள் அதில் உட்கார்ந்து கீழே விழுந்தால், உங்களுக்கு உட்காரத் தெரியவில்லை என்பார்கள். கெட்டவர்களா? ஐயோ, தங்கமானவர்கள். குடிக்க மாட்டார்கள், பெண்டாட்டியை ஒரு வார்த்தை அதட்ட மாட்டார்கள். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். "உனக்காகத்தான் ரொட்டி சுடுறேன்" என்று கை நிறைய மாவோடு சிரித்துக்கொண்டு நிற்கிற மனிதனிடம் என்னவென்று சண்டை போடுவது?

என் இளைய மகளின் கணவர் இந்த இனத்தில் ரொட்டிப் பிரிவு. ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நடுவது வேலை. குடியிருப்பு மட்டும் தண்ணீரில்.

முதலில் ஜாடியைச் சொல்ல வேண்டும். கடை ஈஸ்ட்டைத் தொட மாட்டார். மாவையும் தண்ணீரையும் கலந்து ஒரு ஜாடியில் புளிக்க வைத்திருப்பார்; அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் அன்றைய மாவைப் பொங்க வைப்பார். அந்த ஜாடிக்குக் காலை ஆறு, மாலை ஆறு, தவறாமல் சாப்பாடு. ஒரு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணீர். "பாருங்க அத்தை, நுரை இறங்கிடுச்சு. பாவம், பசி" என்பார். ஜாடியின் பசி அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பிசைந்த மாவுக்குக் கதகதப்பு வேண்டும். படகில் கதகதப்பான இடம் எது? இன்ஜின் பக்கம் டீசல் நாற்றம், சன்னல் பக்கம் ஈரக்காற்று, மிச்சம் இருப்பது படுக்கை. ஆகவே மாவுப் பாத்திரம் போர்வைக்குள் படுத்திருக்கும், என் மகள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். மாவு பொங்குகிற மூன்று மணி நேரமும் பேச்சு மெதுவாக, நடை மெதுவாக. ஒருநாள் மணல் ஏற்றிய படகு ஒன்று அலை கிளப்பிக்கொண்டு வந்தது. இவர் மேல்தளத்துக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டி, "மெதுவா! மெதுவா போங்க!" என்று கத்தினார். படகுக்காரர் பதறிப்போய், "உள்ள பிரசவமா சார்?" என்றார்.

"அதைவிட முக்கியம்" என்றார் இவர்.

என் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனாலும் ரொட்டி கோணலாக வந்தது. ஒரு பக்கம் தலையணை மாதிரி, மறுபக்கம் அதில் யாரோ தலைவைத்துத் தூங்கி எழுந்த மாதிரி. வேறு யாராக இருந்தாலும் கோணலைத் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அளக்கிறவர் ஆயிற்றே! கொத்தனார்கள் வைத்திருப்பார்களே ரசமட்டம், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதைக் கொண்டுவந்து ரொட்டி அடுப்பின் மேல் வைத்தார். குமிழி ஓரமாகப் போய் நின்றது. படகு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். எதனால் சாய்ந்தது என்று மூன்று நாள் ஆராய்ந்தார். என்னால்தான். நான் இடதுபக்கச் சன்னலோரம் உட்காருகிற வழக்கம். என் எடையை அவர் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர். தானே கணக்குப் போட்டு வலதுபக்கம் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, "அத்தை, அடுப்பு எரியுறப்ப மட்டும் இங்க" என்றார். என் மகளுக்கு இன்னொரு கோடு. அவருக்கு அடுப்புக்கு முன்னால் நிற்க ஒரு கோடு. ரொட்டி வேகிற வரை மூன்று பேரும் போட்டோ எடுக்கக் காத்திருப்பவர்களைப் போல இருப்போம். குமிழி நடுவில் நிற்கும். ரொட்டியும் நேராக வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நேராக வந்ததைத் தின்ன விட்டாரா? சூடாக வெட்டினால் உள்ளே பசையாகிவிடுமாம், ஒரு மணி நேரம் ஆற வேண்டுமாம். மூன்று வருடமாகச் சுடச்சுட ரொட்டி என்று கேள்விப்படுகிறேன். சூடாக ஒரு துண்டு என் நாக்கில் பட்டதில்லை.

என் மகள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். விடியுமுன் போய் மதியம் இரண்டு மணிக்கு வருவாள். வந்ததும், "பசிக்குதுங்க" என்பாள். "இதோ, இன்னும் நாற்பது நிமிஷம்" என்பார். இது ஒருநாள் பேச்சு இல்லை, தினப்படி பேச்சு. ஒரு தடவை முக்குக் கடையிலிருந்து ஒரு பன் வாங்கிவந்தாள். துக்க வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். "அது காத்தை விக்கிற கடைம்மா" என்றார் அன்பாக. அதற்கப்புறம் அவள் வாங்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேம்மா. அப்புறம் நான் கரையிலயே இருந்துக்கிறேன். நீயும் வர்றியா?"

"அவரு?"

"அவருக்கு ஜாடி இருக்கு."

மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன்: "அவ தனியாப் போறதுக்குச் சாவி வாங்கிட்டா மாப்பிள்ளை."

"நல்லதுதானே அத்தை! வேலை முடிஞ்சதும் அங்கயே கொஞ்சம் படுத்துக்கலாம். மாவு பொங்குறப்ப இங்கயும் சத்தமில்லாம இருக்கும்."

இந்த இனத்தின் காதில் எதைப் போட்டாலும் மாவாகத்தான் விழும்.

சனிக்கிழமை அவள் இரண்டு மணிக்கு வரவில்லை. நாலு மணிக்கு வந்தாள். எங்கேயோ பெரிய விபத்து. காலையிலிருந்து வண்டியை விட்டு இறங்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து மாவு படிந்த மேசைமேல் வைத்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் எதுவும் கேட்குமுன்பே அவர் திரும்பாமல் சொன்னார்:

"இதோ, இன்னும் நாற்பது நிமிஷம்."

அவள் கத்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, தனக்குக் கிழித்த பென்சில் கோட்டில் போய் ஒழுங்காக உட்கார்ந்தாள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

அவர் ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்தியாகத் திரும்பியவர் கண்ணில் அவள் டம்ளர் பட்டது. தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி குமிழியைப் பார்த்தார், அசையவில்லை. மறுபடி டம்ளரைப் பார்த்தார், ஆடியது. இருபது வருடமாக அளக்கிற மனிதர், படகு ஆடாமல் தண்ணீர் மட்டும் ஏன் ஆடுகிறது என்று யோசித்து யோசித்து, கடைசியில் டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"எப்பச் சாப்பிட்டே?"

"காலையில நாலு மணிக்கு. ஒரு வாழைப்பழம்."

அவர் அடுப்பை அணைக்கவில்லை. கையைத் துடைக்கவில்லை. கதவைத் திறந்தார், போனார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரே தாவாகக் கரைக்குத் தாவினால் படகு என்ன ஆகும்? ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது. அடுப்புக்குள் 'தொப்' என்று ஒரு சத்தம். ரசமட்டம் கீழே உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

மகள் சன்னலில் எட்டிப் பார்த்தாள். "அம்மா, செருப்புகூடப் போடாம ஓடுறாரும்மா."

"எந்தப் பக்கம்?"

"முக்குக் கடைப் பக்கம்." அப்புறம் தட்டு அடுக்கிலிருந்து மூன்று தட்டுகள் எடுத்து மேசையில் வைத்தாள். சாவி ஒரு தட்டுக்கு அடியில் போய்விட்டது. அவள் தேடவில்லை.

இதுதான் அவர் வாசல் தாண்டிப் போன கதை. தையல்காரம்மாவிடம் யாராவது சொல்லுங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "நான் ரொட்டி சுடுகிறதில்லை, படகிலும் இல்லை" என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, "இந்தப் பக்கம் முடியட்டும், வந்துடறேன்" என்று தலையைத் தூக்காமலே சொன்னீர்களே, அவர்கள் சாப்பிட்டுவிட்டார்களா? பக்கம் முடிந்துவிட்டது. எழுந்து போங்கள்.