அசையாத கைகளுக்கு ஐந்து கடிகாரங்கள்

மலைச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்குக் கைக்கடிகாரம் வாங்குவது என்று முடிவானபோது நாட்டில் வேறு பெரிய பிரச்சினை எதுவும் இருக்கவில்லை. இருந்தவை வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவை.

ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் பாறை நகர்கிறதா, மண் சரிகிறதா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலை. மலையைப் பார்க்க ஒருவர் இருந்தார். அவர் பார்த்தாரா என்று பார்க்க மூன்று மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த ஒருவரை எல்லோரும் மலைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் மலைக்காரர் வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து, ஆள் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்தார். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. மறுநாள் அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கீழ்த்தளத்தில் அவர் பேசியது மூன்றாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது.

"விழுந்தா தானாத் தகவல் சொல்ற கடிகாரம் வந்திருக்காமே, அதை வாங்கிக் கொடுங்க. இல்லாட்டி அடுத்த மழைக்கு நீங்களே ஏறுங்க."

இந்த இரண்டாவது வாக்கியம் நிர்வாகத்தின் மனசாட்சியை உலுக்கியது. அன்று பிற்பகலே ஐவர் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர், துணை இயக்குநர், கணக்கு அதிகாரி, இன்னும் இரண்டு அதிகாரிகள். அந்த இரண்டு பேரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆகவே அவர்களை நானும் தொந்தரவு செய்யப்போவதில்லை.

குழு முதலில் மலைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தது.

"கனமா இருக்கக் கூடாது சார். நனைஞ்சா நிக்கக் கூடாது. விழுந்தா தகவல் போகணும். அவ்வளவுதான்."

"நிலா எப்ப உதிக்கும்னு காட்ட வேண்டாமா?" என்றார் இயக்குநர்.

"அது தன்னால வந்துரும் சார்."

"கடலுக்கு அடியில ஓடணுமே?" என்றார் கணக்கு அதிகாரி.

"நம்ம வேலை மலையிலதானே சார்."

"மலைக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணுன்னு அரசாங்கம் பாரபட்சம் பார்க்க முடியாதுப்பா."

மலைக்காரரின் கருத்து நன்றியுடன் பெறப்பட்டு, பத்திரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

அந்த வருஷம் ஒரு மோகம் பரவியிருந்தது. லிஃப்டைத் தவிர வேறெதிலும் மேலே ஏறாதவர்கள் எல்லாம் மலையேறும் கடிகாரம் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். குழு தேர்ந்தெடுத்த கடிகாரம் சோப்பு டப்பா அளவு இருந்தது. திசை காட்டும், உயரம் காட்டும், புயல் வருமா என்று சொல்லும், நாடித்துடிப்பை எண்ணும். சோதித்துப் பார்க்க ஐந்து கடிகாரங்கள் வந்தன. குழுவில் ஐந்து பேர் இருந்ததால் கணக்கு சரியாகிவிட்டது.

"எனக்கு?" என்றார் மலைக்காரர்.

"சோதிக்காத பொருளை உங்க கையில கட்டி உங்க உயிரோட விளையாட முடியுமா?" என்றார் இயக்குநர். கண்கூட கலங்கியதாகச் சொல்கிறார்கள்.

சோதனைகள் கடுமையாக நடந்தன. தண்ணீர்ச் சோதனைக்காகக் கணக்கு அதிகாரி கடிகாரத்தோடு கை கழுவினார். தூசிச் சோதனைக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பழைய கோப்புகள் இருந்த அறையே போதுமானதாக இருந்தது. உயரச் சோதனையில்தான் சின்னச் சிக்கல் வந்தது.

"மேடம், உங்க கடிகாரம் என்னோடதைவிட அதிக உயரம் காட்டுதே?" என்றார் இயக்குநர், துணை இயக்குநரிடம்.

"என் அறை மூணாவது மாடி சார். உங்களது ரெண்டாவது."

"ஆனா பதவியில நான்தானே மேல?"

மறுநாளே அறைகள் மாற்றப்பட்டன. கடிகாரம் துல்லியமானது என்று குறிப்பு எழுதப்பட்டது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தக் கடிகாரம் தன் வேலையை ஆரம்பித்தது. கட்டியிருப்பவர் பணிநேரத்தில் அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், அவர் விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டி, வானத்துச் செயற்கைக்கோளைப் பிடித்து, மீட்புப் படைக்கு அவர் பெயரோடு செய்தி அனுப்பிவிடும். நாடிக் கணக்கும் ஏறிய உயரமும் தலைமையகத்துக்குப் போகும். மீட்புப் படை பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. வருஷக்கணக்காக யாரையும் மீட்காமல் கை அரித்துக் கிடந்த படை அது.

முதலில் கணக்கு அதிகாரி மீட்கப்பட்டார். கண்விழித்தபோது ஸ்ட்ரெச்சரில் இருந்தார்.

"யோவ், எனக்கு ஒண்ணுமில்லைய்யா, இறக்கி விடுங்க."

"அடிபட்டவங்க எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்றார் படைத்தலைவர் கனிவாக. "அதை நம்பக் கூடாதுன்னு விதியிலேயே இருக்கு. தலையைப் பிடிச்சுக்கங்கடா."

ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரத்தில் ஐந்து பேரும் ஆபீசுக்கு வந்ததைவிட ஆஸ்பத்திரிக்குப் போனதே அதிகம். மாடிப்படியில் எதிரெதிரே இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் வந்தால் எந்தப் பதவிக்கு வழிவிடுவது என்று தனிச் சுற்றறிக்கை போட வேண்டியதாயிற்று.

"அந்த அலாரத்தை நிறுத்தச் சொல்லிடலாமே," என்றார் துணை இயக்குநர்.

"காரணம் எழுதணும் மேடம். அதிகாரிகள் அசைவதில்லைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?" என்றார் கணக்கு அதிகாரி.

யாரும் போடவில்லை. இயக்குநர் தன் கடிகாரத்தைக் கழற்றி மின்விசிறி இறக்கையில் கட்டிப் பார்த்தார். அசைவு பிரமாதமாக இருந்தது, நாடிதான் இல்லை. சற்று நேரத்தில் தலைமையகத்திலிருந்து மலர்வளையம் வந்துவிட்டது.

ஆக, வேண்டியது உயிருள்ள ஒரு கை. அது அசையவும் வேண்டும். மூன்று மாடியும் தேடினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மலைக்காரர் ஞாபகம் வந்தது.

இடது கையில் மூன்று, வலது கையில் இரண்டு. கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"என்னங்க, கடை போடப் போறீங்களா?" என்றார் மனைவி.

"அதிகாரிங்களோடது. ஆனா ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு சொல்லிடுமில்ல?"

மனைவி யோசித்துப் பார்த்தார். போன மழைக்கு ஒன்றுமில்லை, இந்த மழைக்கு ஐந்து. அவருக்கும் மனசு கொஞ்சம் நிம்மதியாயிற்று.

அதற்குப் பிறகு அதிகாரிகள் ஐவரும் தினமும் மலையேறினார்கள், கடிகாரக் கணக்குப்படி. ஐந்து பேருக்கும் நாடி ஒரே சீராகத் துடித்தது. நிர்வாக ஒற்றுமைக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று தலைமையகம் பாராட்டியது. கணக்கு அதிகாரிக்கு உடல்தகுதிக் கேடயம் கிடைத்தது. அதை மாடிக்குக் கொண்டுபோக இரண்டு ஆள் பிடித்தார்கள்.

மழை வந்தது. மலைக்காரர் இரண்டு பாறைகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தார்; கால் மாட்டிக்கொண்டது. அவர் பதறவில்லை. கையை ஆட்டினால் செய்தி போகாதே என்று, கண்ணை மூடி, அரைமணி நேரம் ஓர் உயர் அதிகாரியைப் போலக் கிடந்தார். ஐந்து கடிகாரமும் ஒரே நேரத்தில் கூவின.

மீட்புப் படையில் ஐந்து பெயர்கள் விழுந்தன.

"இடம் மலைன்னு காட்டுதே," என்றார் ஒரு வீரர்.

"இந்த நேரத்துல அதிகாரிங்க மலையில இருப்பாங்களாடா? இடம் தப்பா இருக்கும், பேர் தப்பா இருக்காது. ஆபீசுக்கு வண்டியை விடு."

போய்ப் பார்த்தால் ஐந்து பேரும் அவரவர் நாற்காலியில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், அசையாமல் இருந்தார்கள். படை ஐவரையும் தூக்கிக்கொண்டு போனது. மீட்புப் பணி முழு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

இருட்டியும் கணவர் வராததால் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"அம்மா, மலையில ஆபத்துல இருந்த எல்லாரையும் மீட்டாச்சு," என்றது மறுமுனை.

"என் வீட்டுக்காரர்?"

"அந்தப் பேர்ல யாரும் ஆபத்துலயே இல்லையேம்மா."

அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. தன் தம்பியையும் ஒரு கயிற்றையும் கூட்டிக்கொண்டு, நனைந்துகொண்டே மலையேறி, கணவரை இழுத்து வெளியே எடுத்தார். நாலு நாள் கழித்து, கட்டுப்போட்ட காலோடு கணவரை இயக்குநர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவர் கையில ஒரு கடிகாரம், இவர் பேர்லேயே கட்டுங்க. இல்லாட்டி அந்த அஞ்சையும் கொண்டுபோய் தலைமையகத்து மேசையில வச்சு, யார் கையில இருந்துச்சுன்னு சொல்லிடுவேன்."

குழு அவசரமாகக் கூடியது. களப்பணியாளருக்குத் தனிக் கடிகாரம் தர விதியில் இடமில்லை. அதிகாரிக்கு மட்டுமே உண்டு. ஆகவே மலைக்காரரை அதிகாரியாக்கினார்கள். மலை ஆலோசகர் என்று பதவி, இரண்டாவது மாடியில் அறை, சுழல் நாற்காலி, பெயர் பொறித்த கடிகாரம். மனைவி தன் கையாலேயே அதைக் கட்டிவிட்டு, இனிமேல் பயமில்லை என்று வீட்டுக்குப் போனார்.

அரைமணி நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவரும் போய்ப் போய் வந்தார். திங்கட்கிழமை காலை, மலைக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட பெண் ஒருவர் முதுகில் பையோடு அவர் அறைக்கு வந்து நின்றார்.

"சார், மலையில சிக்னல் இல்லைங்கிறாங்க. விழுந்தா தகவல் சொல்ற மாதிரி ஒரு கடிகாரம் கிடைக்குமா?"

மலைக்காரர் தன் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே, அதிகாரிகள் ஐவரும் தங்களுடையதைக் கொடுத்து வைத்திருந்த மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"ஒண்ணு எதுக்கும்மா, ஆறு இருக்கு. கையை நீட்டுங்க."